ஏழாவது குழி

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம், சாப்பாடெல்லாம் முடிந்து, அம்மாவும் பெரியம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினார்கள். நான் செதுக்கிய பலகை. ஆட்டம் முடிந்ததும் பெரியம்மா புளியங்கொட்டைகளை முந்தானையில் வழித்துப் போட்டுக்கொண்டு பலகையைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் ஒரு ஓரத்தில் வட்டமாக ஒரு ஒட்டு இருக்கும். அதற்குக் கொஞ்சம் தள்ளி, நிறம் மாறின இரண்டு சின்ன ஆப்புகள் இருக்கும். அவற்றின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கையால செஞ்சதுன்னா அப்படித்தான்டி இருக்கும். அந்தக் குறைதான் அழகு" என்று சொல்லிப் பலகையை என்னிடம் நீட்டினார். பாசமாகத்தான் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன். ஆனால் அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது அந்த வாக்கியம் திரும்ப வந்தது. அடுத்த வாரம் அலுவலகத்தில் வந்தது. இப்போது ஆடி பிறந்துவிட்டது, இன்னும் போகவில்லை.

பெரியம்மா சொன்னது புதிதும் இல்லை. கைவினைக் கண்காட்சிகளில் பொருளோடு சீட்டே கட்டித் தொங்கவிடுகிறார்கள்: சிறு சிறு பிசகுகள் கைவேலையின் அடையாளம், குறையாக நினைக்க வேண்டாம் என்று. நானும் அதற்கு முன்பே ஒரு இரண்டு மாதம் அதையே எனக்குச் சொல்லித் தேற்றிக்கொண்டவள்தான். பிறகுதான் அது தப்பு என்று பட்டது. ஏன் தப்பு என்று சொல்ல, அந்தப் பலகையில் நடந்ததையெல்லாம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் பழைய பல்லாங்குழி ஒன்று இருந்தது. உறையூரிலிருந்து வீடு மாறினபோது எங்கேயோ போய்விட்டது. அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் வெளியே போக முடியாமல் இருந்தபோது அதைத்தான் அடிக்கடி கேட்டார். கடையில் கிடைப்பது மடிக்கிற பலகை. குழி ஆழமே இருக்காது, நாலு கொட்டை போட்டால் ஐந்தாவது வெளியே உருண்டுவிடும். நான் அதற்கு முந்தின வருஷம்தான் செதுக்கப் பழக ஆரம்பித்திருந்தேன். மரக்கடைப் பக்கம் ஒரு தச்சுப் பட்டறையில் ஆசாரி அண்ணன் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஓரத்தில் உட்கார இடம் கொடுத்து, உளி பிடிக்கவும் தீட்டவும் சொல்லிக் கொடுத்தார். இரண்டு கரண்டி, ஒரு குங்குமச் சிமிழ், ஒரு வாத்து. அவ்வளவுதான் அதுவரை செய்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டில் மாமரத்தை வெட்டினார்கள். அடிமரத்திலிருந்து ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, அண்ணனிடம் கொடுத்துப் பலகையாக அறுத்து வந்தேன். இரண்டடி நீளம், எட்டு அங்குல அகலம், இரண்டு அங்குலக் கனம். இரண்டு வரிசையில் ஏழேழு குழி தாராளமாக வரும்.

"பச்சையா இருக்கு தங்கச்சி. ரெண்டு அங்குலம்னா ரெண்டு வருஷம் நிழல்ல கிடக்கணும்" என்றார் அண்ணன். பச்சை மரம் உளிக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும். அம்மாவுக்கு இப்போதே வேண்டும். நான் கேட்கவில்லை.

மழுங்கின உளி

குழி வெட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மரத்தின் நார் பலகையின் நீளவாக்கில் ஓடுகிறது. குழி அதைக் குறுக்கே அறுத்துக்கொண்டு இறங்குகிறது. விளிம்பிலிருந்து அடி நோக்கி வெட்டும்போது உளி நாருக்கு இசைவாகப் போகும், சீவல் சுருள் சுருளாக வரும். அடியைத் தாண்டி எதிர்ச் சரிவில் ஏற ஆரம்பித்தால் அதே நார் உளிக்கு எதிராக எழுந்து நிற்கும். அப்போது சீவல் வராது, பிய்ந்துதான் வரும். அதனால் இந்தப் பக்கத்திலிருந்து அடி வரைக்கும் வந்து நிறுத்தி, பலகையைத் திருப்பி, அந்தப் பக்கத்திலிருந்து அடி வரைக்கும் வர வேண்டும். நடுவில் இரண்டு வெட்டும் சந்திக்கிற இடம்தான் கஷ்டம். அங்கே உளி கூராக இல்லையென்றால் கடிக்காது, வழுக்கும்.

ஐந்து குழி முடித்துவிட்டு ஆறாவதில் இருந்தேன். ராத்திரி ஒன்பதரை இருக்கும். பின்கட்டில் ஒற்றை பல்ப். அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் படுப்பது என்று எனக்கு நானே ஒரு கெடு வைத்துக்கொண்டேன். வாய் வளைந்த உளி அரைமணி நேரமாகவே சரியாகக் கடிக்கவில்லை. முதலில் சீவல் நாடாவாக வந்தது, பிறகு துண்டு துண்டாக, பிறகு வெறும் தூளாக. உளி மழுங்கிவிட்டது என்று கை சொல்லிக்கொண்டே இருந்தது. எழுந்து போய்த் தீட்டினால் கால்மணி நேரம் போகும் என்று, தீட்டுவதற்குப் பதிலாக அழுத்தினேன். இடது கை பலகையின் முன் விளிம்பைப் பிடித்திருந்தது. உளி குழியின் அடியில் வழுக்கி, எதிர் விளிம்பைத் தாண்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதைக்குள் இறங்கியது.

வலி முதலில் தெரியவில்லை. பலகையின் வெள்ளையில் சிவப்பு பரவுவதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. துண்டை அழுத்திக் கட்டி, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். நாலு தையல், ஒரு டிடி ஊசி. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரம் அந்தக் கையில் தண்ணீர் படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது.

அந்த மூன்று வாரமும் ஒரே யோசனைதான். கை எப்போது தவறியது? உளி வழுக்கின நொடியில் என்று சொன்னால் அது உண்மையாகாது. அரைமணி நேரம் முன்பு, சீவல் தூளாக மாறினபோது எழுந்து போகாமல் இருந்தேனே, அப்போதே தவறிவிட்டது. மழுங்கின உளிதான் ஆபத்து, கூர் உளி இல்லை. கூர் உளிக்கு விரல் பலம் போதும். மழுங்கினதற்குத் தோள் பலம் கொடுக்க வேண்டியிருக்கும், வழுக்கும்போது அந்தப் பலம் முழுவதும் எங்கேயாவது போய்ச் சேரும். வெட்டு போகிற பாதையில் இன்னொரு கையை வைத்ததும் நான் செய்ததுதான். ஆசாரி அண்ணன் தையலைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. இரண்டு கிளாம்ப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். "பலகைய இது பிடிச்சுக்கட்டும். ரெண்டு கையும் உளியிலயே இருக்கட்டும். உளியில இருக்கிற கைய உளி வெட்டாது."

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், செதுக்கப் பழகுகிற பலபேர் கைக்காயத்தை ஒரு பட்டம் மாதிரிக் காட்டுவதைப் பார்க்கிறேன். தழும்பு இல்லாதவன் தச்சனா என்று கேட்கிறார்கள். ஐம்பது வருஷம் உளி பிடித்த ஆசாரி அண்ணன் கையில் பெரிய தழும்பு ஒன்றுகூட இல்லை.

வெயில் குடித்த பலகை

கை ஆறுகிற வரைக்கும் பலகையைப் பால்கனியில் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். மேற்குப் பார்த்த பால்கனி. கட்டு அவிழ்த்த அன்று போய் எடுத்தால், ஒரு முனையில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. தரையில் வைத்தால் ஆடியது. பலகை குறுக்கே லேசாகக் குழிந்து, ஒரு மூலை திருகியும் இருந்தது.

மரம் காய்வதை நாம் துணி காய்வது மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அது அப்படி நடப்பதில்லை. பச்சை மரத்தில் நாரின் உள்ளறைகளிலும் நீர் இருக்கிறது, அறைகளின் சுவரிலும் ஊறி இருக்கிறது. உள்ளறை நீர் போகும்போது எடைதான் குறையும், அளவு மாறாது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவரில் ஊறின நீர் வெளியேறுகிறது. மரம் சுருங்கத் தொடங்குவது அப்போதுதான். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு. வளையங்களைச் சுற்றிப் போகிற திசையில் அதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. இந்த இழுபறியில்தான் பலகை வளைகிறது, கட்டை பிளக்கிறது. போதாக்குறைக்கு, வெட்டுப்பட்ட முனைகள் வழியாக நீர் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை காய்ந்து சுருங்கப் பார்க்கும், நடுப்பகுதி இன்னும் ஊறிப்போய் விட்டுக்கொடுக்காமல் நிற்கும். அந்தச் சண்டையின் கோடுதான் நான் பார்த்த வெடிப்பு. முனையில் மெழுகோ பெயிண்டோ பூசி, நிழலில் போட்டிருந்தால் வந்தே இருக்காது.

காஞ்சிபுரத்து அத்தி வரதர் ஞாபகம் வந்தது. அத்திமரத் திருமேனி. 1979-க்குப் பிறகு 2019-இல்தான் குளத்திலிருந்து வெளியே வந்து, 48 நாள் தரிசனம் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போனார். அதன் பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். மரத்தைப் பழகினவளாகப் பார்த்தால், முழுக்க நீரில் கிடக்கிற மரம் சுருங்குவதும் இல்லை, வெடிப்பதும் இல்லை. முழுக்கக் காய்ந்த மரமும் நிலைத்துவிடும். நனைந்தும் காய்ந்தும் நடுவில் அலைகிற மரம்தான் பாடாய்ப் படுகிறது. என் பலகை அந்த நடுவில் மேற்கு வெயிலில் நின்றது.

இதையெல்லாம் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அன்று நான் செய்தது வேறு. வெடிப்பைப் பார்த்ததும் ஒரு பதற்றம், இதை உடனே மூடிவிட வேண்டும் என்று. மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து வெடிப்புக்குள் அப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மிச்சக் குழிகளையும் வெட்டி முடித்தேன். இரண்டு வாரத்தில் அந்தப் பூச்சின் இரண்டு ஓரத்திலும் மயிரிழை மாதிரி கோடு தெரிந்தது. மரம் இன்னும் சுருங்கிக்கொண்டுதான் இருந்தது. ஐப்பசி மழை வந்தது. மரம் ஈரத்தை இழுத்து மறுபடி ஊதி, வெடிப்பு தானாக மூடிக்கொள்ளப் பார்த்தது. உள்ளே கல் மாதிரி நான் அடைத்து வைத்த தூள் இருக்கிறதே, எங்கே மூடும்? பூச்சு மேலே பிதுங்கி, விரலில் தட்டுகிற வரப்பாக நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். ஆடுகிற பலகையை அம்மாவிடம் எப்படிக் கொடுப்பது என்று அடிப்பக்கத்தை இழைப்புளி போட்டுத் தட்டையாக்க உட்கார்ந்தேன். திருகின மூலை தாழ்ந்திருந்தது, அங்கேதான் அதிகம் இழைக்க வேண்டியிருந்தது. அந்த மூலைக்கு நேர் மேலே ஏழாவது குழி. ஆர்வத்தில் மற்றவற்றைவிடக் கால் அங்குலம் ஆழமாக வெட்டிவிட்ட குழி. இழைத்துவிட்டுத் தூளை ஊதினேன். பலகையைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினேன். குழியின் அடியில் மிளகு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

பலகையை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன். கைவேலைன்னா இப்படியெல்லாம் இருக்கும், அதுதான் இயல்பு என்று எனக்குச் சொல்லிக்கொண்ட இரண்டு மாதம் அதுதான். அந்த வார்த்தை இதமாக இருந்தது. பரணைப் பார்க்காமல் இருக்க உதவியது.

குழல் படுத்திருக்கு, மரம் நின்னுக்கிட்டிருக்கு

தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பெரம்பலூர் போக வேண்டியிருந்தது. அங்கிருந்து பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர். மரச்சிற்பத்துக்கென்று 2020-இல் புவிசார் குறியீடு வாங்கின ஊர். தெருவில் நடந்தால் வீட்டுத் திண்ணை, வாசல், கொட்டகை எங்கும் உளிச் சத்தம். வாகைக் கட்டைகள் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரே கட்டையில் ஒரு முழு உருவம், ஒட்டுப் போட்டு நீட்டுவது கிடையாது. ஒரு கொட்டகை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவளை, அறுபது வயது இருக்கும் ஒரு சிற்பி, "உள்ள வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க" என்று கூப்பிட்டு ஒரு ஸ்டூலைக் காட்டினார். வாகைத் தூளுக்கு எனக்குத் தும்மல் வந்துகொண்டே இருந்தது. அவர் முகத்தில் துண்டு கட்டியிருந்தார்.

இரண்டடி உயர வேணுகோபாலன். முகத்துக்கு முன்னால் குழல் பிடித்த இரண்டு கை. நானே பார்த்து உணர்ந்தது, குழல் இன்னும் தனியாக நிற்கவில்லை. குழலுக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு கனத்த பாலம் மாதிரி மரம் அப்படியே விட்டு வைக்கப்பட்டிருந்தது. மூக்கும் விரல்களும்கூடக் கொஞ்சம் பருமனாகவே இருந்தன. ஏன் என்று கேட்டேன். "மரம் நின்னுக்கிட்டிருக்கும்மா. குழல் படுத்திருக்கு. நார் எல்லாம் குழலக் குறுக்க வெட்டுது. ஒரு தட்டு அதிகமாப் பட்டா ஒடிஞ்சிரும். அதான் கடைசி வரைக்கும் முட்டுக் கொடுத்து வெச்சிருக்கேன். மூக்கும் அப்படித்தான். சதை இருந்தா, ஏதாச்சும் சிதறினாலும் உள்ள இறங்கி மூக்கக் கண்டுபிடிச்சிரலாம்." எனக்கு அதைக் கேட்டதும் பரணில் கிடக்கிற ஏழாவது குழிதான் கண்ணில் வந்தது. நான் எதற்கும் சதை விட்டு வைக்கவில்லை. கால் அங்குலம்கூட.

பேசிக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. குழலின் நுனியில் சிற்றுளி வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு மெல்லிய தட்டு. டக் என்று ஒரு சத்தம். நெல் அளவுக்கு ஒரு சில்லு தெறித்துப் போனது. நான் "ஐயோ" என்றேன். அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. தட்டின கை அப்படியே நின்றது. உளியை நிதானமாகப் பக்கத்தில் வைத்தார். பிறகு அசையாமல் உட்கார்ந்தபடியே கண்ணால் மட்டும் தரையைத் தேடினார். எழுந்தால் காலில் பட்டு மிதிபடும் என்பதால் எழவில்லை. மடியில் கிடந்த சீவல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். வேட்டி மடிப்பில் கிடைத்தது. அதை இரண்டு விரலால் எடுத்து, ஊதக்கூடச் செய்யாமல், பக்கத்தில் இருந்த ஒரு பழைய பாக்கு டப்பாவைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். அப்புறம் சிலையை முழுசாகத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் உடுப்பின் மடிப்புகளில் வேலையைத் தொடர்ந்தார். டீ வந்தது, குடித்தார். முக்கால் மணி நேரம் குழல் பக்கமே போகவில்லை.

கேட்டேன், ஏன் உடனே ஒட்டவில்லை என்று. "அப்ப கை சரியில்லம்மா. தப்பு நடந்த கையாலயே உடனே சரி பண்ணப் போனா இன்னொண்ணு ஒடியும்." முக்கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டார். டப்பாவைத் திறந்தார். சில்லு எந்தப் பக்கம் பார்த்து ஒடிந்ததோ அந்தப் பக்கம் பார்க்கிற மாதிரித் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். ஈர்க்குச்சி நுனியால் பசை தொட்டு வைத்து, அழுத்தி, சைக்கிள் டியூபில் மெல்லியதாக வெட்டின ஒரு பட்டையால் சுற்றினார். நான் கிளம்பும் நேரம் அதை அவிழ்த்து லேசாகச் சீவிவிட்டு, "எங்கன்னு சொல்லுங்க" என்றார். நான் கண்ணைக் குழலுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடினேன். தெரியவில்லை. அதே மரம், அதே நார், அதே இடம். கோடு விழ அங்கே வழியே இல்லை.

"பூசைக்குப் போற சாமின்னா இப்படி ஒட்ட மாட்டேன். பின்னமாயிரும். உள்ள இறக்கி வேற அளவுல எடுப்பேன், இல்லன்னா வேற கட்டை. இது ஒரு வீட்டு வரவேற்பறைக்கு" என்றார். நான் சும்மா இருக்காமல், கைவேலைதானே, சின்னக் குறை இருந்தால் வாங்குகிறவர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்களா, அதையும் அழகென்று சொல்கிறார்களே என்றேன்.

அவர் நிஜமாகவே குழம்பிப் பார்த்தார். "ஏன் குறை இருக்கணும்?" என்று கேட்டார். "கைதானே செய்யுது?"

நான் அதுவரை கேட்டிருந்த வாக்கியமும் அதேதான். கைதானே செய்கிறது, அதனால் குறை இருக்கும். அவர் வாயில் அதே வார்த்தை தலைகீழாக வந்தது. கை செய்கிறது, அப்புறம் ஏன் குறை இருக்க வேண்டும்? பஸ்ஸில் திருச்சி வரும்வரை அந்தக் கேள்விதான். இப்போது கதவில் லட்சுமி வேண்டுமென்றால் மெஷினே ஒரே மாதிரி நூறு கதவு வெட்டித் தருகிறது. அதோடு போட்டி போட முடியாத கைவேலைக்கு, பிசகுதான் அடையாளம் என்று யாரோ ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கொட்டகையில் கையின் அடையாளம் என்று நான் பார்த்தது எது? மேலிருந்து இறங்கிச் சுழலுகிற மெஷின் ஊசி எட்ட முடியாத இடம், குழலுக்குப் பின்னால், உள்ளங்கைக்கும் உதட்டுக்கும் நடுவில் உள்ள அந்த வெற்றிடம். அங்கே அவர் வளைந்த உளியைப் பக்கவாட்டில் நுழைத்து ஒரு மடிப்பு எடுத்திருந்தார். ஒடிந்த சில்லை எடுத்து வைத்த பாக்கு டப்பாவும் கையின் அடையாளம்தான். ஒரு தப்புத் தட்டைச் சரி செய்ய முக்கால் மணி நேரம் காத்திருக்கிற ஒருவரிடம் போய், உங்கள் தப்புதான் அழகு என்று சொல்வது எனக்குப் பாராட்டாகத் தோன்றவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொண்டதை இல்லையென்று சொல்வதாகத்தான் தோன்றியது.

ஒரு வருஷம் கட்டிலுக்குக் கீழே

வந்ததும் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். முதல் வேலை, வெடிப்பில் நான் அடைத்து வைத்த தூள் முழுவதையும் ஊசி மாதிரி ஒரு உளியால் தோண்டி எடுத்தது. இரண்டு சாயங்காலம் பிடித்தது. வெடிப்பு வெடிப்பாகவே இருக்கட்டும் என்று விட்டேன். முனைகளில் மெழுகைக் காய்ச்சிப் பூசினேன். கட்டிலுக்குக் கீழே இரண்டு குச்சி வைத்து, அடியிலும் காற்றுப் போகிற மாதிரிப் பலகையை அதன்மேல் கிடத்தினேன். மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை. முதல் மாதம் 4 கிலோ 100 கிராம். பிறகு 3 கிலோ 900, 3 கிலோ 750 என்று இறங்கிக்கொண்டே போய், அடுத்த கார்த்திகைக்கு 3 கிலோ 400-இல் நின்றது. மார்கழியிலும் அதே 400. எடை நின்றால் மரம் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

இடையில் ஒருநாள் கட்டிலுக்குக் கீழே பெருக்கும்போது, முகப் பவுடர் கொட்டின மாதிரி வெளிறின தூள். பலகையில் குண்டூசி நுனி அளவுக்கு நாலு ஓட்டை. வண்டு துளைத்து மரம் உளுக்க ஆரம்பித்திருந்தது. மா மாதிரி வைரம் பாயாத மரத்தில் மாவுச்சத்து நிறைய இருக்கும், அந்த வண்டுக்கு அதுதான் சாப்பாடு. வெங்காரமும் போரிக் பவுடரும் வெந்நீரில் கரைத்து, மூன்று நாள் விட்டுவிட்டுத் தூரிகையால் ஊற ஊறப் பூசினேன். எடை கொஞ்சம் ஏறி மறுபடி இறங்கியது. தூள் நின்றுவிட்டது.

அதற்கப்புறம்தான் வேலை. ஏழாவது குழியின் ஓட்டையைக் கீழிருந்து சுத்தமான வட்டமாக வெட்டினேன். அதே மாமரத்தின் மிச்சத் துண்டிலிருந்து, நார் ஒரே திசையில் ஓடுகிற மாதிரிப் பார்த்து, ஒரு மூடி செதுக்கினேன். முதல் மூடி கொஞ்சம் தளர்வு. எறிந்தேன். இரண்டாவது நார் ஓட்டம் சாய்ந்திருந்தது. மூன்றாவதைக் கரியைத் தடவித் தடவி, எங்கே கறுப்பு ஒட்டுகிறதோ அங்கே மட்டும் சீவி, கட்டைவிரலால் அழுத்தினால் மட்டும் இறங்குகிற அளவுக்குக் கொண்டு வந்தேன். பசை வைத்து ஒட்டின பிறகு மேலிருந்து குழியின் வளைவுக்கு ஏற்றபடி அதையும் குடைந்தேன். வெடிப்புக்குக் குறுக்கே, இரண்டு புறாவாலை இடுப்போடு இடுப்பு சேர்த்த மாதிரி வடிவத்தில் வாகையில் இரண்டு ஆப்பு. ஆப்பின் நார் வெடிப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும், இல்லையென்றால் ஆப்பே பிளந்துவிடும். ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கை சரியில்லை என்று பட்ட நாட்களில் உளியைத் தொடவில்லை. அப்படி மூன்று ஞாயிறு போயிற்று. கடைசியில் ஆளி விதை எண்ணெய் இரண்டு பூச்சு. ஒட்டின் மேல் நகத்தை ஓட்டினால் எங்கேயும் தட்டாது.

பெரியம்மா கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தது அந்த இடத்தில்தான். அந்தப் பலகையிலேயே சரியாக வந்த வேலை அது ஒன்றுதான். அதைத்தான் குறை என்றார், அந்தக் குறையைத்தான் அழகென்றார். என்னைக் குடைந்தது அதுதான் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. நிஜக் குறைகள் மேலே இருக்கின்றன. மூன்றாவது குழியும் ஐந்தாவது குழியும் ஆழத்தில் ஒத்துப்போகாது. இரண்டாவது வரிசை நூல் பிடித்த மாதிரி இல்லாமல் வலப்பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும். ஆட்டத்தில் ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் அதற்குப் பசு என்று பெயர்; ஐந்தாவது குழியிலிருந்து பசுவை அள்ளும்போதெல்லாம் ஒன்று அடியில் தங்கிவிடும். அம்மா அதை ஒவ்வொரு முறையும் சுண்டுவிரலால் தோண்டி எடுக்கிறார். ஒருமுறைகூட அதை அழகு என்று சொன்னதில்லை. "அடுத்த தடவ இத சரியா எடு" என்றார், அவ்வளவுதான்.

போன வாரம் பெரியம்மா ஃபோன் பண்ணினார். "எனக்கும் ஒண்ணு பண்ணித் தாடி" என்றார். சரி என்றேன். நேரம் ஆகும், அடுத்த வருஷம்தான் உளி வைப்பேன் என்றேன். "ஏன்டி அவ்வளவு நாளு? கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா என்ன, கையால செய்யறதுதானே?" என்றார். கையால செய்கிறேன் பெரியம்மா, அதனால்தான் என்றேன்.

வாகைப் பலகை ஏற்கெனவே கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. இந்த முறை இரண்டரை அங்குலக் கனம். முனைகளில் மெழுகு பூசி, பென்சிலால் தேதி எழுதியிருக்கிறேன். இந்த ஒன்றாம் தேதி எடை 6 கிலோ 250 கிராம். போன மாதத்தைவிட 150 கிராம் குறைவு.